சங்ககிரியின் சுண்ணாம்புக்கல்லும் மும்பையின் கணக்கும்

2024 டிசம்பர் 24 அன்று, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட அல்ட்ராடெக் நிறுவனம், இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனத்தின் 32.72 விழுக்காட்டுப் பங்குகளை அதன் நிறுவனர் குழுவினரிடமிருந்து பங்கு ஒன்றுக்கு 390 ரூபாய் வீதம் 3,954 கோடி ரூபாய்க்கு வாங்கி முடித்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சந்தை வழியாக வாங்கியிருந்த ஏறத்தாழ 23 விழுக்காட்டையும் சேர்த்து, தமிழ்நாட்டின் மிகப் பழைய சிமென்ட் நிறுவனங்களுள் ஒன்று, அல்ட்ராடெக் அடங்கிய ஆதித்ய பிர்லா குழுமத்தின் துணை நிறுவனமாயிற்று. திருநெல்வேலிச் சீமையின் தாழையூத்து, அரியலூர் மாவட்டத்தின் தளவாய், ஆந்திரம், தெலங்கானா, ராஜஸ்தான் ஆலைகளோடு, சேலம் மாவட்டம் சங்ககிரியில் 1963 முதல் இயங்கிவரும் ஆலையும் அந்தக் கைமாற்றத்துக்குள் அடங்கியது. இச்செய்தி வணிகப் பக்கங்களில் பங்கு விலையாகவும் உற்பத்தித் திறனாகவும் பேசப்பட்ட அளவுக்கு, சேலம், நாமக்கல் சமவெளியின் பொருளாதாரச் செய்தியாகப் பேசப்படவில்லை. அறுபது ஆண்டுகளாக ஒரு வட்டாரத்தின் சுரங்கத்தையும் சாலையையும் பட்டறையையும் ஒன்றோடொன்று பிணைத்துவந்த ஆலை, தொலைவில் எடுக்கப்படும் முடிவுகளுக்கு உட்படும்போது, அவ்வட்டாரம் தன் நலனை எதைக் கொண்டு காத்துக்கொள்ளும் என்ற கேள்வி விடையின்றி நிற்கிறது.

காவிரிக் கரையின் தொழில் வரிசை

எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணஸ்வாமியும் 1946-இல் தொடங்கிய இந்தியா சிமென்ட்ஸ், 1949-இல் தாழையூத்தில் தன் முதல் ஆலையை இயக்கியது. இரண்டாவது ஆலைக்கு அது தேர்ந்துகொண்ட இடம் சங்ககிரி. அத்தேர்வுக்கு முதற்காரணம் நிலவியல். சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தின் தொன்மையான பாறைகளுக்கிடையே படிகச் சுண்ணாம்புக்கல், அதாவது மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பளிங்குபோல் உருமாறிய சுண்ணாம்புக்கல், பட்டை பட்டையாக ஓடுகிறது. ஒரு டன் கிளிங்கர் செய்ய ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் தேவைப்படும். கிளிங்கர் என்பது சுண்ணாம்புக்கல்லையும் களிமண் சார்ந்த பொருள்களையும் சூளையில் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டெடுக்கும் கட்டி. இதனோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமென்ட் கிடைக்கிறது. சூளையில் கல்லின் எடையில் கணிசமான பகுதி கரியமில வாயுவாக வெளியேறிவிடுவதால், கல்லைத் தொலைவுக்குச் சுமந்து சென்று சுடுவது கட்டுப்படியாகாது. ஆகவே கல் கிடைக்கும் இடத்திலேயே சூளையும் அமைகிறது.

இரண்டாவது காரணம், சங்ககிரியை ஒட்டி அப்போதே உருவாகத் தொடங்கியிருந்த தொழில் வரிசை. 1934-இல் நிறைவுற்ற மேட்டூர் அணையின் மின்சாரமும் காவிரி நீரும், 1860-களிலேயே போடப்பட்ட சேலம், ஈரோடு ரயில் பாதையும் இதற்கு அடித்தளமாக அமைந்தன. காமராசர் ஆட்சியில் தொழில்துறையைக் கவனித்த ஆர். வெங்கட்ராமனின் காலத்தில், பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை, சங்ககிரியில் சிமென்ட் ஆலை, மேட்டூரில் 1965-இல் மால்கோ என அறியப்பட்ட அலுமினிய ஆலை, அதையடுத்து கெம்ப்ளாஸ்ட் வேதிப்பொருள் ஆலை ஆகியவை பத்தாண்டுகளுக்குள் அடுத்தடுத்து எழுந்தன. இவற்றுள் கெம்ப்ளாஸ்டும் சிமென்ட் ஆலையும் ஒரே நிறுவனர் குடும்பங்களின் முயற்சிகள் என்பது குறிப்பிடத்தக்கது. விசைத்தறியும் வேளாண்மையும் சார்ந்திருந்த சமவெளியில், கனிமத்தையும் மின்சாரத்தையும் மூலமாகக் கொண்ட கனரகத் தொழில் வேரூன்றிய காலம் அது.

கட்டுப்பாடு நீங்கியபின்

ஆலை தொடங்கிய முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் அதன் சந்தையைத் தீர்மானித்தது அரசே. சிமென்ட்டின் விலையும் ஒதுக்கீடும் மத்திய அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. வீடு கட்டுவோர் பெர்மிட் பெற்றுக் காத்திருந்த காலம் அது. அக்கட்டுப்பாட்டின் ஒரு கூறு சரக்குக் கட்டணச் சமன்பாடு, அதாவது ஆலைக்கு அருகில் இருப்பவரும் தொலைவில் இருப்பவரும் ஒரே விலை கொடுக்கும்படி போக்குவரத்துச் செலவை நாடு முழுவதற்குமாகப் பொதுவில் பங்கிடும் முறை. இம்முறையில், சந்தைக்கு அருகில் இருப்பதால் ஓர் ஆலைக்குக் கிடைக்கவேண்டிய இயல்பான ஆதாயம் கிடைக்காமல் போயிற்று. 1982 பிப்ரவரியில் பகுதிக் கட்டுப்பாட்டு நீக்கமும் 1989 மார்ச்சில் முழுக் கட்டுப்பாட்டு நீக்கமும் வந்தபின் நிலைமை மாறியது. ஈரோடு, திருப்பூர், கோவை, சேலம், நாமக்கல் ஆகிய விரைந்து வளரும் ஊர்களுக்கு நடுவே அமைந்த சங்ககிரிக்கு அதன் இருப்பிடமே முதலாயிற்று. குறைந்த தொலைவுக்கு ரயில் பெட்டியைவிட லாரியே வசதி என்பதால், சிமென்ட் மூட்டைகளின் போக்குவரத்து தண்டவாளத்திலிருந்து சாலைக்குப் பெருமளவில் மாறியது.

அதே கட்டுப்பாட்டு நீக்கம் நிறுவனத்தை விரிவாக்கத்துக்கும் தூண்டியது. 1989-இல் பொறுப்பேற்ற என். சீனிவாசனின் தலைமையில், 1990-களின் இறுதிக்குள் ராசி சிமென்ட்டும், பொதுத்துறையின் எர்ரகுண்ட்லா ஆலையும் இந்தியா சிமென்ட்ஸின் கைக்கு வந்தன. தென்னிந்தியாவின் முதன்மை உற்பத்தியாளர்களுள் ஒன்றாக அது உயர்ந்தது. கூடவே கடன் சுமையும் உயர்ந்து, 2000-களின் தொடக்கத்தில் கடன் மறுசீரமைப்பு தேவைப்பட்டது. தேவையை மிஞ்சிய உற்பத்தித் திறன் தென்மாநிலச் சந்தையின் நெடுநாள் நோயாக நீடித்தது. நிலக்கரி விலையேற்றம் அதனோடு சேர்ந்தபோது, 2022-23, 2023-24 ஆண்டுகளில் நிறுவனம் நட்டக் கணக்கையே காட்டியது. ஆகவே 2024-இல் நடந்ததை, நலமாக இருந்த ஓர் உள்ளூர் நிறுவனத்தை வெளியார் பறித்துக்கொண்டதாகச் சித்திரிப்பது உண்மைக்குப் பொருந்தாது. முதலீட்டுக்குப் பணமின்றித் தளர்ந்த நிறுவனம் ஒன்று, பணம் வைத்திருந்த நிறுவனத்திடம் சென்றது.

மாறிய சந்தையின் வடிவம்தான் கவலைக்குரியது. 2022 செப்டம்பரில் அம்புஜா, ஏ.சி.சி. நிறுவனங்களை வாங்கிய அதானி குழுமம், 2024-இல் பென்னா சிமென்ட்டையும் வாங்கியது. இதனால் 1934 முதல் இயங்கும் கோவை மதுக்கரை ஏ.சி.சி. ஆலை அதானி குழுமத்தின் கீழும், சங்ககிரி ஆலை பிர்லா குழுமத்தின் கீழும் வந்துள்ளன. ஆண்டுக்கு 18 கோடி டன்னுக்கும் மேல் உற்பத்தித் திறன் கொண்ட அல்ட்ராடெக்கின் கணக்கில், இந்தியா சிமென்ட்ஸின் மொத்தத் திறனே 1.45 கோடி டன்தான். கரூர் புலியூரின் செட்டிநாடு ஆலையும், வாழப்பாடி வட்டாரத்தில் ராம்கோவின் அரவை ஆலையும் போட்டியாக நிற்பதால் கொங்குச் சந்தையில் முற்றுரிமை ஏற்பட்டுவிடவில்லை. ஆயினும் வாங்குவோரின் தெரிவு சுருங்கிவருவது கண்கூடு.

விற்போர் சிலராக இருக்கும் சந்தையில் விலை எவ்வாறு அமையும் என்பதற்கு முன்வரலாறு உண்டு. 2012-இல் இந்தியப் போட்டி ஆணையம், உடன்பேசி விலையை நிர்ணயித்ததாகக் கூறிப் பதினொரு சிமென்ட் நிறுவனங்கள் மீது 6,000 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. அந்நிறுவனங்களுள் அல்ட்ராடெக், இந்தியா சிமென்ட்ஸ் இரண்டும் இருந்தன. 2016-இல் ஆணையம் மீண்டும் பிறப்பித்த உத்தரவை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2018-இல் உறுதிசெய்ய, நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகின. தமிழ்நாடு அரசும் விலையில் தலையிட்டுப் பார்த்தது: 2015 தொடக்கத்தில் மூட்டை 190 ரூபாய்க்கு அம்மா சிமென்ட் திட்டமும், 2021 நவம்பரில் அரசின் டான்செம் நிறுவனத்தின் வலிமை சிமென்ட்டும் வந்தன. இவை சிறு வீடு கட்டுவோருக்கு உதவினாலும், சந்தை விலையைத் திருப்பும் அளவுக்கு டான்செம்மிடம் உற்பத்தித் திறன் இல்லை.

ஆலை வாசலிலிருந்து நாமக்கல் வரை

சிமென்ட் ஆலை பெருமுதலீட்டுத் தொழில். போட்ட முதலுக்கு அது நேரடியாகத் தரும் வேலைகள் குறைவு. 1958-இல் அமைக்கப்பட்ட சிமென்ட் தொழிலுக்கான முதல் மத்திய ஊதியக் குழு, மூட்டை ஏற்றி இறக்கும் பணி நீங்கலாக மற்றவற்றில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக்கூடாது என்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரையாலும், நாடு தழுவிய கூலி உடன்பாடுகளாலும் சிமென்ட் ஆலையின் நிரந்தரத் தொழிலாளி, சுற்றுவட்டாரத் தறித் தொழிலாளியைவிட நல்ல ஊதியம் பெற்றார். ஆனால் தானியங்கி இயந்திரங்கள் பெருகப் பெருக நிரந்தரப் பணியிடங்கள் இத்தொழில் முழுவதிலுமே சுருங்கிவிட்டன. வட்டாரப் பொருளாதாரத்தில் ஆலையின் உண்மையான எடையை அதன் சம்பளப் பட்டியலில் தேடுவதைவிட, அதன் வாசலில் நிற்கும் லாரிகளில் தேடுவதே பொருத்தம்.

சங்ககிரியும் நாமக்கல்லும் திருச்செங்கோடும் இந்தியச் சாலைப் போக்குவரத்தில் பெயர்பெற்ற ஊர்கள். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், எரிவாயு டேங்கர் உரிமையாளர்களும், மாநில லாரி உரிமையாளர்கள் சம்மேளனத்தின் தலைமையிடமும் உள்ளன. திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. மழை குறைந்த புன்செய் நிலத்தை நம்பமுடியாத உழவர் குடும்பங்கள், நிலத்தை ஈடு வைத்து லாரி வாங்கித் தாமே ஓட்டிப் படிப்படியாக உரிமையாளர்களான வரலாறு இவ்வூர்களுக்குப் பொதுவானது. இத்தொழிலைச் சிமென்ட் ஆலை மட்டுமே உருவாக்கியது என்று கூற இயலாது. முட்டையும் மரவள்ளி மாவும் எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகளும் அதற்குத் துணைநின்றன. எனினும் லாரித் தொழிலின் பெரிய இடர், ஒருபக்கம் பாரத்தோடு சென்று மறுபக்கம் காலியாகத் திரும்புவது. ஆண்டு முழுவதும் நிற்காமல் நிலக்கரியையும் ஜிப்சத்தையும் சாம்பலையும் வாங்கி, சிமென்ட்டை அனுப்பும் ஆலை ஒன்று அருகிலிருப்பது அவ்விடரைக் குறைக்கிறது. உள்ளூர் லாரிகளுக்கு லோடு உறுதி என்றால்தான் கடன் தவணை கட்டும் சிறு உரிமையாளர் நிலைக்கமுடியும்.

ஆலைக்கும் மேட்டூருக்கும் இடையிலான உறவும் இத்தகையதே. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 1987 முதல் படிப்படியாக நிறுவப்பட்ட 840 மெகாவாட் அலகுகளும், பின்னர் சேர்ந்த 600 மெகாவாட் அலகும் எரிக்கும் நிலக்கரியின் எச்சமாக உலர்சாம்பல் குவிகிறது. போசலானா சிமென்ட் எனப்படும் கலப்புச் சிமென்ட்டில் எடையில் 35 விழுக்காடு வரை இச்சாம்பலைச் சேர்க்க இந்தியத் தர விதிகள் இடமளிக்கின்றன. காற்றையும் நீரையும் கெடுக்கும் கழிவு ஒன்று மூலப்பொருளாக மாறுவதோடு, கிளிங்கர் தேவை குறைந்து சுண்ணாம்புக்கல்லின் ஆயுளும் நீள்கிறது.

இப்பிணைப்புகளில் எதற்கும் நிறுவனம் உடன்படிக்கை எழுதித் தந்ததில்லை என்பதே இவ்வமைப்பின் பலவீனம். லாரி வாடகையும் உள்ளூர் முன்னுரிமையும் அவ்வப்போதைய பேச்சுவார்த்தையிலேயே நிலைபெற்று வந்துள்ளன. நாடு முழுவதும் போக்குவரத்தை ஒருங்கே திட்டமிடும் நிறுவனம், பெரிய ஒப்பந்ததாரர்களின் பல அச்சு லாரிகளையும், மூட்டையின்றிச் சிமென்ட்டைக் கொண்டுசெல்லும் பல்கர் வண்டிகளையும் நாடுவது அதன் கணக்கில் இயல்பானதே. 2018-இல் மத்திய அரசு லாரிகளின் அச்சுப் பார வரம்பை 20 முதல் 25 விழுக்காடு வரை உயர்த்தியபோதே, அதே சரக்கைக் குறைந்த வண்டிகளில் கொண்டுசெல்லும் நிலை ஏற்பட்டுச் சிறு உரிமையாளர்களுக்கு நெருக்கடி தொடங்கியது. ஆலையின் உரிமை மாற்றம் அந்நெருக்கடியைக் கூட்டவும் கூடும், முறையான பேச்சுவார்த்தை நடந்தால் தணிக்கவும் கூடும்.

மேட்டூர் தரும் பாடம்

கனிமத்தைச் சார்ந்த ஆலை கைமாறியபின் என்ன நேரலாம் என்பதற்கு இவ்வட்டாரத்திலேயே சான்று உண்டு. மேட்டூர் மால்கோ ஆலை 1995-இல் ஸ்டெர்லைட் குழுமத்தின் வசமாயிற்று. ஏற்காடு, கொல்லிமலைப் பகுதிகளிலிருந்து வந்த பாக்சைட் கனிமமே அதன் மூலம். அக்கனிம வரத்து நின்றதோடு அலுமினிய விலையும் சரிந்தபோது, 2008-இல் உருக்காலை மூடப்பட்டது. அலுமினியத்துக்காக அமைக்கப்பட்ட மின்நிலையம் மட்டும் வெளியே மின்சாரம் விற்கும் அலகாகத் தொடர்ந்தது. ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் பன்மடங்கு பெரிய ஆலைகளைக் கொண்ட குழுமத்துக்கு மேட்டூரின் இழப்பு சிறியது. மேட்டூருக்கோ அதை ஈடுசெய்யும் வேறு ஆலை வரவில்லை.

சங்ககிரிக்கு அதே முடிவு வரும் என்று சொல்வதற்கில்லை. சிமென்ட் தொலைவுக்குச் சுமக்கக் கட்டுப்படியாகாத பண்டம் என்பதால், கொங்குச் சந்தைக்கு அருகிலுள்ள ஆலையைக் கைவிட எந்த நிறுவனமும் எளிதில் துணியாது. ஆனால் முழுமையாக மூடுவதற்கும் இப்போதுள்ளபடியே தொடர்வதற்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. சூளையை நிறுத்திவிட்டு, அரியலூரிலிருந்தோ ஆந்திரத்திலிருந்தோ கிளிங்கரைக் கொண்டுவந்து மேட்டூர்ச் சாம்பலோடு அரைக்கும் வெறும் அரவை நிலையமாக ஆலையை மாற்றிவிடலாம். கடலடியில் படிந்த அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பரந்த படுகையாகக் கிடக்க, சங்ககிரியின் கல் குறுகிய, செங்குத்தான பட்டைகளாகக் கீழிறங்குகிறது. தோண்டத் தோண்ட ஆழமும் செலவும் கூடும் இக்கல், பல ஆலைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் நிறுவனத்தின் கணக்கில் பின்னுக்குத் தள்ளப்படலாம். அரவை நிலையத்துக்குச் சுரங்கம் வேண்டாம், சூளைப் பொறியாளர் வேண்டாம், தொழிலாளரும் சிலர் போதும். பெயர்ப்பலகை அப்படியே இருக்க, வட்டாரத்துக்குக் கிடைத்துவந்த பயனில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

2030-க்கு முன்

இத்தகைய முடிவுகள் எடுக்கப்படக்கூடிய காலம் தொலைவில் இல்லை. 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், ஏலமின்றி வழங்கப்பட்ட பழைய சுரங்கக் குத்தகைகளுக்கு ஓர் எல்லையை வகுத்தது. தன் ஆலையின் தேவைக்கென எடுக்கப்படும் கனிமத்துக்கான குத்தகை, 2030 மார்ச் 31 வரை, அல்லது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட காலம் முடியும் வரை, அல்லது வழங்கிய நாளிலிருந்து ஐம்பது ஆண்டுகள் நிறையும் வரை, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை செல்லும். அதன்பின் சுரங்கம் ஏலத்துக்கு வரும். 1960-களில் தொடங்கிய ஆலைகளின் மிகப் பழைய குத்தகைகள் ஐம்பது ஆண்டுகளை ஏற்கெனவே கடந்துவிட்டமையால், அவற்றுக்கு 2030 ஒரு திருப்பமாகும். பங்குகள் கைமாறியபோது குத்தகைகள் நிறுவனத்தின் பெயரிலேயே தொடர்ந்ததால், அந்த பேரத்தில் வட்டாரம் ஒரு தரப்பாக இருக்கவில்லை. குத்தகை ஏலத்துக்கு வரும்போதோ, நிபந்தனை விதிக்கும் இடத்தில் மாநில அரசு அமர்ந்திருக்கும்.

கனிமத்திலிருந்து கிடைக்கும் வருவாயிலும் அரசுக்குப் புதிய வலிமை வந்துள்ளது. சிமென்ட்டுக்கான சுண்ணாம்புக்கல்லுக்கு 2014-இல் நிர்ணயிக்கப்பட்ட உரிமத்தொகை டன்னுக்கு 80 ரூபாய். பழைய குத்தகைகளில் அதன் 30 விழுக்காடு, அதாவது 24 ரூபாய், மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் சேரவேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்குச் செலவிட 2015-இல் சட்டப்படி உருவான நிதி அது. கனிமம் உள்ள நிலத்துக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலையில் தீர்ப்பளித்தபின், தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் முதல் சுண்ணாம்புக்கல்லுக்கு டன் ஒன்றுக்கு 160 ரூபாய் வரி வசூலிக்கிறது. உரிமத்தொகையைப்போல் இருமடங்கான இவ்வரியின் சுமை சிமென்ட் விலையில் ஏறி, வீடு கட்டும் குடும்பங்களையே இறுதியில் சேர்கிறது. மத்திய அரசு 2025 செப்டம்பரில் சிமென்ட் மீதான சரக்கு, சேவை வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைத்தது அச்சுமையை ஓரளவு ஈடுசெய்கிறது. மக்கள் செலுத்தும் வரி என்றாகிவிட்ட நிலையில், அதன் ஒரு பகுதி கல் தோண்டப்படும் ஊர்களுக்கே திரும்பவேண்டும் என்று கேட்பது நியாயம்.

அரசு இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. பழைய குத்தகைகளின் காலவரையறையையும் எஞ்சிய கல்லிருப்பையும் சங்ககிரி, திருச்செங்கோடு வட்ட மக்கள் அறியும்படி வெளியிடவேண்டும். சுரங்க மூடல் திட்டம், அதாவது கல் எடுத்து முடிந்தபின் குழிகளைச் சீரமைத்து நீர்நிலைகளாகவோ பசுமைப் பரப்பாகவோ மாற்றும் கடமை, காகிதத்தில் நின்றுவிடாமல் ஆண்டுதோறும் சரிபார்க்கப்படவேண்டும். சட்டம் இடந்தரும் அளவுக்கு, வெட்டியெடுக்கும் கல்லை மாவட்டத்துக்குள்ளேயே சுடுவதை ஊக்குவிக்கும் விதிகளை ஏலத்தோடு இணைக்கவேண்டும். போக்குவரத்தில் உள்ளூர்ச் சிறு உரிமையாளர்களின் பங்கை எழுத்து வடிவில் உறுதிசெய்ய, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஆலை நிர்வாகமும் லாரி உரிமையாளர் சங்கங்களும் பலவாண்டு உடன்பாடு காணவேண்டும். லாரி உரிமையாளர்களும் தனித்தனியே லோடு கேட்டு நிற்பதை விடுத்து, கூட்டுறவாக இணைந்து பல்கர் வண்டிகளில் முதலிடுவது அவர்களுக்கே நல்லது.

புதிய உரிமையாளரை எதிர்ப்பது இவ்வட்டாரத்துக்கு நன்மை தராது. தேய்ந்த இயந்திரங்களைப் புதுப்பிக்கவும், தூசு வெளியேற்றத்தைக் குறைக்கவும், சூளையின் வீண்வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கவும் வேண்டிய முதலீடு அந்நிறுவனத்திடம்தான் இருக்கிறது; அது சங்ககிரிக்கு வரவேற்கத்தக்கதே. பழைய நிறுவனர்கள் இருந்திருந்தால் எல்லாம் நலமாக இருந்திருக்கும் என்ற ஏக்கத்துக்கும் அவர்களது நட்டக் கணக்கு இடமளிக்கவில்லை. ஆலையின் பங்குகள் யாரிடம் சென்றாலும், சுண்ணாம்புக்கல்லின் உரிமை தமிழ்நாட்டு மக்களுடையது. அதைச் சுமக்கும் சாலையும், சாலையில் ஓடும் வண்டிகளும் சேலம், நாமக்கல் மாவட்டத்தாருடையவை. பேரம் பேசுவதற்கு இவ்விரண்டையும்விடப் பெரிய முதல் வேறெதுவும் இல்லை. ஏல அறிவிப்பு வெளிவந்தபின் மனு கொடுப்பதால் பயன் இராது. இரு மாவட்டங்களின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும், தொழிற்சங்கங்களும், லாரி உரிமையாளர்களும் ஒன்றுகூடித் தம் நிபந்தனைகளை 2030-க்கு முன்பே அரசிடம் எழுத்தில் முன்வைக்கவேண்டும்.